கழற்றியவன் வாயால்

மச்சான்,

இன்று காலை வல்லத்துக்குப் பக்கத்தில், நான் இப்போது வேலை செய்யும் கட்டடத்தில், கீழ் மாடியில் யாரோ கிரைண்டர் வைத்துத் தகரச் சட்டம் வெட்டினார்கள். துத்தநாகப் பூச்சு தீயும் அந்த வாடை படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. நாக்கில் செப்பு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு கசப்பு. கையிலிருந்த டேப்பை வைத்துவிட்டு ஓடி இறங்கினேன். வெட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரத்தநாட்டுக்காரர், என்னை விட மூத்தவர். "என்னங்க ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார். மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தை மூடியிருக்கும் கார்டு இருந்தது. சக்கரமும் சரியான அளவு. கண்ணாடி போட்டிருந்தார். "ஒண்ணுமில்லண்ணே, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். டேப்பை மறுபடி கையில் எடுக்க மத்தியானம் ஆயிற்று.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. என்ன முகத்தோடு எழுதுவது என்று இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நீ அதிராம்பட்டினம், நான் பேராவூரணிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஊர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனாலும் துபாய்க்குப் போய்த்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அறையில் முதல் நாளே என் பெட்டியைத் தள்ளிவிட்டு உன் பெட்டியை வைத்தாய். நான் சண்டைக்கு வந்தேன். "பேராவூரணியா? அப்ப தேங்கா மட்ட மாதிரி சும்மா சத்தம்தான் போடுவ" என்றாய். ஆறு வருடம் அந்த அறையில் கிடந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வேலை. தகரச் சட்டங்களை நிறுத்தி, மேலே ஜிப்சம் பலகை அடித்துத் தடுப்புச் சுவர் எழுப்புவது. ஊருக்குத் திரும்பிய பிறகும் ஜோடியாகத்தான் வேலை பிடித்தோம்.

நீ சட்டம் வெட்டுவது தனி அழகு. சட்டத்துக்கு ரெண்டு காது, ஒரு முதுகு என்பாய். முதலில் கத்தரியால் இரண்டு காதையும் வெட்டுவாய். அப்புறம் முதுகை மடக்கி, மடிப்பின் மேல் கத்தரியை ஓட்டுவாய். பொறி கிடையாது, புகை கிடையாது. வெட்டிய முனையை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் என் கையில் கொடுப்பாய். "பாய் சட்டத்துக்குக் காது குத்துறாரு" என்று எல்லோரும் கேலி செய்வோம். கனமான சட்டத்துக்கு மட்டும் கிரைண்டரை எடுப்பாய். எடுக்கும் முன் கார்டை ஆட்டிப் பார்ப்பாய், சக்கரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பாய், பொறி பறக்கிற பக்கம் நிற்கும் ஆளை விரட்டுவாய். யாராவது சலித்துக்கொண்டால் பத்து விரலையும் விரித்துக் காட்டி, "இது எந்தக் கடையிலயும் கெடைக்காது" என்பாய். உண்மையைச் சொன்னால் பல நாள் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் தஞ்சாவூரில் அந்த ஜவுளிக்கடைக் கட்டடம். மூன்று மாடி. திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்று சைட் இன்சார்ஜ் கஜேந்திரன் தினமும் காலையில் வந்து சொல்வான். அவன் பேரை எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. "கத்திரிய வச்சு வெட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா அடுத்த ஆடிக்குத்தான் கடை தெறக்கும்" என்று கத்துவான். நீ பதிலுக்குக் கத்தமாட்டாய். "நாலு இஞ்சு மெஷினுக்கு நாலு இஞ்சு சக்கரம் வாங்கிக் குடுங்க சார். கார்டோட வெட்டித் தர்றேன்" என்பாய். இருந்த சக்கரங்கள் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நீ ஜும்மாவுக்குப் போயிருந்தாய். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் ஒரு பெட்டி சக்கரத்தோடு வந்தான். எல்லாம் ஐந்து இஞ்சு. கார்டு இருந்தால் அந்தச் சக்கரம் நம் மெஷினுக்குள் நுழையாது. ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லி, மூன்று மெஷினிலிருந்தும் கார்டைத் தன் கையாலேயே கழற்றி மூலையில் எறிந்தான். சின்ன மெஷின் சுற்றும் வேகத்தைப் பெரிய சக்கரம் தாங்காது, வெடித்துவிடும் என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! எனக்குத் தெரியும் மச்சான். தெரியாமல் செய்தேன் என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன்.

"பாய் வந்துரட்டும் சார்" என்றேன்.

"பாய் வந்தா வேல நடக்காது. அவன் வர்றதுக்குள்ள அத்தனையும் வெட்டிப் போடு. முடியாதுன்னா ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க."

வெட்ட ஆரம்பித்தேன். முப்பது சட்டம் போல வெட்டியிருப்பேன். நீ படியேறி வந்தாய். சட்டைப் பையில் மடித்த தொப்பி. அந்தத் தீய்ந்த வாடையிலும் உன் அத்தர் வாசம் தெரிந்தது. மெஷினைப் பார்த்ததும் உன் முகம் மாறியது.

"மச்சான், நிறுத்து!"

"இந்த ஒண்ணு மட்டும்டா."

அவ்வளவுதான் நான் சொன்னது. கேட்டுவிட்டு நீ சும்மா நிற்கிற ஆள் இல்லை. எனக்கு முன்னால், பொறி பறக்கிற பக்கத்தில் இருந்த பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாய். பெரிய சத்தம்கூட வரவில்லை. பீங்கான் தட்டு விழுந்து உடைகிற சத்தம், அவ்வளவுதான். நீ கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை உன் தலை என் மடியில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கஜேந்திரன் என்னைத் தனியாக இழுத்துப் போனான்.

"மெஷினு யார் கையில இருந்துச்சு?"

"எங்கிட்டதான் சார்."

"அப்ப உன்னத்தான் உள்ள போடுவாங்க. ஒம் பொண்டாட்டி புள்ளைங்கள யாரு பாக்கறது? நான் சொல்றதக் கேளு. அவனே கார்டக் கழட்டிட்டு அவனே வெட்டுனான்னு சொல்லிரு. செத்தவனுக்கு இனிமே என்ன ஆயிரப்போவுது?"

போலீஸ்காரர் கேட்டார். அப்படியே சொன்னேன். எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். உன் இரத்தம் என் சட்டையில் காய்ந்துகூட இருக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று அதிராம்பட்டினத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். "சிநேகிதரு, முன்னாடி வாங்க" என்று உன் மச்சினன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். கஜேந்திரனும் வந்திருந்தான். பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி வந்திருந்தான். இங்கே மாலை போடும் வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டே ஜமாத்துப் பெரியவர்களிடம் பேசினான். "நான் எவ்வளவோ சொன்னேங்க. கேக்கல. கார்ட அவராவே கழட்டிட்டாரு."

அந்த மாலையை அவன் கழுத்தில் சுற்றி இறுக்க வேண்டும் போல இருந்தது. என் வாழ்நாளில் எனக்கு அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. தோன்றியது திரும்பிப் போகவே இல்லை. பல் தேய்க்கும்போதும் வயலுக்குத் தண்ணீர் திருப்பும்போதும் அவன் கழுத்துதான் கண்ணில் நின்றது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பல்கீஸ் எதுவும் கேட்கவில்லை. உன் மகள் ரிஸ்வானாதான் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றாள். பட்டுக்கோட்டையில் காலேஜ் சேர்ந்த முதல் வருடம் அவளுக்கு.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? வீட்டுல மிக்ஸி மூடி லேசா ஆடுனாக்கூட அத்தா ப்ளக்கப் புடுங்கிடுவாங்க. அவங்களா கார்டக் கழட்டுனாங்க?"

"அவசரம்மா... சில நேரத்துல..." என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அவ்வளவையும் வாந்தி எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து கஜேந்திரனே போன் போட்டான். கும்பகோணத்தில் புது சைட். "வந்துருடா, நீ நம்ம ஆளு" என்றான். போனேன். வேலைக்காகப் போனேன் என்று என் வீட்டில் நினைத்தார்கள். நான் போனது வேறு எதற்கு என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

மூன்று வாரம் அவனைக் கவனித்தேன். பதினோரு மணிக்கு டீ வந்ததும் சாரத்துக்குக் கீழே, நிழலில் போய் நிற்பான். தலையில் ஹெல்மெட் இருக்காது. ஒரு காதில் போன். சரியாக அவன் தலைக்கு மேலே மூன்றாவது மாடியில்தான் நாங்கள் சட்டக் கட்டுகளைக் கயிறு கட்டி ஏற்றுவோம். ஒரு புதன்கிழமை, உடன் இருந்தவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கயிற்றை நான் ஒருத்தனாகப் பிடித்தேன். பத்துச் சட்டம் கொண்ட கட்டு அந்தரத்தில் நின்றது. கீழே அவன் நின்றான். அவன் வழுக்கை வெயிலில் மின்னியது. பிடியைத் தளர்த்தினேன். கயிறு ஒரு முழம் இறங்கியது.

அப்போது அவன் போனில் உரக்கச் சிரித்துக்கொண்டே பேசியது மேலே கேட்டது. "தஞ்சாவூர் சைட்ல ஒரு பாய் இருந்தானே, அவன் கதைதான். அவனே கழட்டி அவனே போய்ச் சேந்தான். நம்ம மேல ஒண்ணும் வரல."

கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. இரக்கப்பட்டுப் பிடித்தேன் என்று நினைத்துவிடாதே. அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. இவன் செத்தால் இவன் படத்துக்கு மாலை போட்டு நல்லவனாக்கிவிடுவார்கள். உன் மேல் இவன் ஏற்றிய பொய் அப்படியே நின்றுவிடும். இவன் சாகக்கூடாது. நன்றாக உயிரோடு இருந்து, நாலு பேர் கேட்க, தன் வாயால் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் விடக்கூடாது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அஞ்சலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உனக்குத் தெரியும் அவளை. ஜவுளிக்கடைக் கட்டடத்தில் சித்தாளாக இருந்தவள், இப்போது கும்பகோணத்திலும் அதே வேலை. நீ கூட அவளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாய்.

"கயித்த எதுக்கு விட்டீங்க, எதுக்குப் புடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அந்தாளு கழட்டுனப்ப ஸ்பேனர எடுத்தாந்து குடுத்தவளே நான்தான். எதுக்குன்னு தெரியாமக் குடுத்துட்டேன். யாராச்சும் கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல."

"சொன்னா உனக்கு வேல போயிடும் அஞ்சல."

"போவட்டும். நடவு இல்லையா, அறுப்பு இல்லையா? நீங்க மொதல்ல வாயத் தெறங்க."

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பல்கீஸ் நாற்காலி போட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். ரிஸ்வானா உள்ளறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் பல்கீஸ் கேட்டார்.

"மெஷினு உங்க கையிலயா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"நிறுத்தச் சொன்னாங்களா?"

"சொன்னான்."

"நீங்க நிறுத்தல."

"நிறுத்தலம்மா."

எழுந்து உள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார், நான் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன். புர்கா போட்டுக்கொண்டு வந்தார். "எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க. இப்பவே கெளம்புங்க" என்றார். அண்ணன் என்று கூப்பிடுகிற வழக்கம் அன்றோடு நின்றது.

தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். ஒரத்தநாட்டில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடினாலும் அவர் போய்ச் சொல்லியிருப்பார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பொய்யின்னா உங்க மேலயும் கேஸ் வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். அதையும் சேத்தே எழுதுங்க."

அதன் பிறகு எத்தனை அலைச்சல், எத்தனை தேதி! எல்லாவற்றையும் எழுதி உன்னைச் சலிக்க வைக்கமாட்டேன். போன வாரம் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி முன்னால் விசாரணை. ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி. ஓரத்தில் பல்கீஸும் ரிஸ்வானாவும். கஜேந்திரன் முழுக்கைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து வந்திருந்தான். என்ன கேட்டாலும் "ஞாபகமில்லீங்க, நெறைய சைட் பாக்குறேன்" என்றான். இப்படியே அரைமணி நேரம் போனது. அஞ்சலை முறை வந்தது. அதிகாரியைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

"ஸ்பேனர எங்கிட்டதான சார் எடுத்தாரச் சொன்னீங்க? ஒண்ணு ஒண்ணாக் கழட்டி மூலையில வீசுனீங்களே. கார்டு ஒண்ணு என் கால்ல வந்து பட்டுச்சுல்ல? நீங்க பாத்துட்டுத்தான போனீங்க?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்தான், மடித்தான், மறுபடி விரித்தான். பிறகு தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"கழட்டுனேன்."

"யாரு கழட்டுனது? முழுசாச் சொல்லுங்க, டைப் பண்ணணும்."

"நான்தான்... நான்தான் சார் கழட்டுனேன். பாய் அப்ப சைட்லயே இல்ல."

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அவன் விபூதி வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்தது. எனக்கு இனித்தது மச்சான். உன்னிடம் நல்லவன் வேஷம் போடப்போவதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்றுகூட இருந்தது. அடுத்து என் முறை வந்தது. "மெஷினப் புடிச்சிருந்தது நான். நிறுத்துன்னு அவன் சொன்னான். நான் நிறுத்தல. செத்தவன் மேல பொய் சொன்னதும் நான்தான்" என்றேன். அதையும் டைப் அடித்துக்கொண்டார்கள்.

முந்தாநாள் கஜேந்திரன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள், ஆரஞ்சு. வாசலில் நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"கோர்ட்டுல கொஞ்சம் பாத்துச் சொல்லுடா. பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். இதனால நீயும்தான மாட்டப்போற?"

"ஆமா சார். ரெண்டு பேரும் ஒண்ணாவே நிப்போம். நீங்க செஞ்சத நான் சொல்றேன். நான் செஞ்சதயும் நானே சொல்றேன்."

"மனசாட்சி இருக்காடா உனக்கு?"

"ஆஸ்பத்திரியில வச்சு நீங்கதான அத வாங்கிக்கிட்டீங்க. இப்ப எங்கிட்ட தேடுனா எப்புடி சார்?"

அழுதான். நின்று கடைசிவரை பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. பழப் பையை அவன் வண்டியில் நானே கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். துபாய் அறையில் உன் புது ஷூவைத் திருடியவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தேன். நீ அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "கால் அளவு சரியா இருக்காடா?" என்று கேட்டாய். "விட்டுத் தள்ளு மச்சான்" என்று என்னிடம் சொன்னாய். இப்போதும் அதையேதான் சொல்வாய். சொல்லிக்கொள். நான் விடப்போவதில்லை. அந்தப் பெரிய மனசு உன்னோடு போய்விட்டது. எனக்கு அது கிடையாது, வேண்டவும் வேண்டாம். கோர்ட்டில் வாய்தா எத்தனை வந்தாலும் போவேன். அவனுக்குத் தண்டனை கிடைக்கிற அன்று எனக்கும் கிடைக்கட்டும். அவன் பக்கத்திலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது நடந்ததை மட்டும் இன்னும் உனக்குச் சொல்லவில்லை. பல்கீஸ் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றேன். ரிஸ்வானா நேரே என்னிடம் வந்தாள். உன் நடை, உன் கோபம்.

"அந்தாளு வாயால சொன்னதக் கேட்டேன் மாமா. நல்லா இருந்துச்சு. ஆனா உங்கள நான் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காதம்மா" என்றேன்.

பட்டுக்கோட்டை பஸ் வந்தது. அவர்கள் இருவரும் ஏறினார்கள். அடுத்த வண்டியில் போகலாம் என்று நான் நின்றேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறுங்க மாமா, அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆவும்" என்றாள். குரலில் கொஞ்சமும் கனிவில்லை. ஆனால் மாமா என்றாள். மன்னிக்கமாட்டேன் என்று சொன்னபோதும் மாமா என்றுதான் சொன்னாள்.

ஏறி, அவள் கண்ணில் படாமல் பின் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கஜேந்திரன் மேல் உள்ள ஆத்திரத்தைச் சுமப்பது எனக்கு ஒன்றும் பாரமில்லை மச்சான். இன்னும் இருபது வருடம் சுமப்பேன். அவள் கூப்பிட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் இறக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை.